தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு: வாங்கலாம், ஆப்பை மட்டும் திறக்காதீர்கள்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். பொருள் நல்ல பொருள், கொடுத்த காசு வீண் போகவில்லை. ஆனால் பெட்டி மேல் எதைப் பெரிய எழுத்தில் போட்டு விற்கிறார்களோ அதற்காக வாங்காதீர்கள். எங்கே இருந்தாலும் போனை எடுத்து உங்கள் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாமாம். இந்தப் பூட்டில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வசதி அதுதான். கையேட்டில் எங்கோ நடுவில் பொடி எழுத்தில் கிடக்கிற இன்னொரு வசதி, கதவைச் சாத்தியதும் யாரும் தொடாமல் தானே பூட்டிக்கொள்வது, அதற்காகத்தான் இதை வாங்க வேண்டும். ஏன் என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

வீட்டை விட்டுக் கிளம்பி, பஸ்ஸில் சீட் பிடித்து உட்கார்ந்த பிறகு "பூட்டினேனா?" என்று வயிற்றைப் பிசையும் ஆட்களுக்கான ரிவ்யூ இது. அந்தக் கேள்வியே வராதவர்கள் பாக்கியசாலிகள், அவர்களுக்கு ஒரு சாதாரணப் பூட்டு போதும், இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வருகிறவர்களுக்குத் தெரியும் அந்தப் பாடு: பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்து, நாலு படி இறங்கி, திரும்ப ஏறிப் போய் இன்னொரு முறை இழுத்துப் பார்த்து, கூட வருகிறவர் "அதான் இப்பதானே பார்த்தே" என்று முகம் சுளித்து, அப்படியும் தெருமுனை திரும்பியதும் மறுபடி அதே சந்தேகம். இதை மறதி என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. திரும்பி ஓடிப் போய்ப் பார்த்தால் கதவு பூட்டித்தானே இருக்கிறது. கை தன் வேலையைச் செய்துவிடுகிறது, அந்த நேரத்தில் மனசு லேட்டாகிவிட்டதே, சார்ஜரை எடுத்தோமா, அந்த ஆள் கேட்டதற்கு என்ன பதில் சொல்வது என்று வேறெங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்புறம் உட்கார்ந்து யோசித்தால் பூட்டிய ஞாபகம் ஒன்று வரத்தான் செய்யும், ஆனால் அது இன்றைக்குப் பூட்டியதா நேற்றுப் பூட்டியதா என்று பிரித்துச் சொல்ல அதில் ஒரு அடையாளமும் இருக்காது. தினமும் அதே கதவு, அதே சாவி, அதே திருப்பு.

இதில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது, பூட்டு வாங்கப் போவதற்கு முன்னால் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. சந்தேகம் வந்தால் போய்ப் பார்த்துவிடலாம், பார்த்தால் தீர்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நெதர்லாந்தைச் சேர்ந்த மார்செல் வான் டென் ஹவுட், மெரெல் கிண்ட் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வு அந்த நினைப்பைக் கவிழ்த்துவிட்டது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேஸ் அடுப்பைக் காட்டி, பர்னர்களை ஏற்றி அணைத்து, அணைந்துவிட்டதா என்று சரிபார்க்கச் சொன்னார்கள். ஒரு குழு திரும்பத் திரும்ப அதே அடுப்பைப் பார்த்தது, இன்னொரு குழு இடையில் அடுப்பை விட்டுவிட்டு பல்புகளைப் பார்த்தது. கடைசித் தடவை எந்தெந்த பர்னரைப் பார்த்தீர்கள் என்று கேட்டபோது இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சரியாகச் சொன்னது. ஆனால் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் காட்சி மங்கிப்போயிருந்தது, விவரங்கள் தேய்ந்திருந்தன, தாங்கள் சொல்வது சரிதானா என்பதில் தங்களுக்கே நம்பிக்கை இல்லை. 2006-ல் கனடாவில் ஆடம் ராடொம்ஸ்கியும் அவர் கூட்டாளிகளும் நிஜ அடுப்பையே வைத்துச் செய்து பார்த்தார்கள், அங்கேயும் இதே கதை. ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது, அதன் மேல் இருக்கும் நம்பிக்கையைத்தான் சரிபார்ப்பு தின்றுவிடுகிறது. பார்க்கப் பார்க்கச் சந்தேகம் கூடுகிறது என்று அனுபவத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் சோதனையில் பார்க்கும்போது ஒரு ஆறுதல்.

சரி, பூட்டுக்கு வருவோம். பிராண்ட் பெயரைச் சொல்லப் போவதில்லை, இதே அமைப்பில் நிறைய கம்பெனிகள் விற்கின்றன, நான் சொல்லும் நல்லது கெட்டது இரண்டும் இந்த வகைக்கே பொதுவானவை. கதவுக்குள் ஏற்கெனவே இருக்கிற டெட்போல்ட்டை, அதாவது சாவியைத் திருப்பினால் நாக்கு நீண்டு நிலைக்குள் போகிற பூட்டை, மாற்ற வேண்டாம். உள்பக்கம் கையால் திருப்புகிற குமிழைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மோட்டார் வைத்த ஒரு பெட்டியைத் திருகினால் போதும், ஒரு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் தானே மாட்டிவிடலாம். வெளிப்பக்கம் எதுவும் மாறாது, பழைய சாவி பழையபடி வேலை செய்யும். இது எனக்குப் பெரிய பிளஸ், ஏனென்றால் பேட்டரி, ஆப், இண்டர்நெட் மூன்றும் ஒரே நாளில் படுத்தாலும் பாக்கெட்டில் சாவி இருந்தால் வீட்டுக்குள் போய்விடலாம். அமெரிக்கப் பூட்டுத் தயாரிப்பாளர் லைனஸ் யேல் ஜூனியர் 1861-ல் காப்புரிமை வாங்கிய பின் டம்ளர் முறைதான், அதாவது சாவியின் பற்கள் உள்ளே இருக்கிற சின்னக் கம்பிகளைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால் திறக்கிற முறைதான், இன்றைக்கும் பெரும்பாலான வீட்டுக் கதவுகளின் சாவித் துளைக்குள் இருக்கிறது. அதை யாராலும் அசைக்க முடியாததற்குக் காரணம் அது சொன்ன வேலையைச் செய்கிறது என்பதுதான். அதில் ஒரே ஒரு குறை, நம் மாதிரி ஆட்களுக்கு மட்டும் குறை: கதவுப் பூட்டில் பூட்டிய நிலையிலும் சாவி வெளியே வரும், திறந்த நிலையிலும் வரும். கையில் சாவி இருக்கிறது என்பதால் கதவு பூட்டியிருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

வாங்கும்போது ஒன்றே ஒன்றில் கறாராக இருங்கள். கதவு சென்சார் இல்லாத மாடலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். சென்சார் இல்லாத பூட்டுக்குத் தன் மோட்டார் எவ்வளவு சுற்றியது என்பது மட்டும்தான் தெரியும். கதவு முழுசாகச் சாத்தாமல் விரல் அகலத்துக்குத் திறந்து கிடந்தாலும், பூட்டின் நாக்கு காற்றில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், ஆப் பச்சை நிறத்தில் "பூட்டியாச்சு" என்று காட்டும். அது பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். சென்சார் என்பது பெரிய விஷயமும் கிடையாது. நிலைச்சட்டத்தில் ஒரு துண்டு, கதவில் ஒரு துண்டு, ஒன்றில் காந்தம், இன்னொன்றில் ரீட் சுவிட்ச். சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், காந்தம் கிட்டே வந்தால் ஒட்டும், விலகினால் பிரியும். அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் வால்டர் எல்வுட் 1936-ல் உருவாக்கிய சமாச்சாரம், இன்றைக்கும் திருட்டு அலாரங்களில் கதவுக்குக் கதவு இருப்பது இதுதான். இது இருந்தால்தான் கதவு சாத்தியிருக்கிறதா, நாக்கு உள்ளே போயிருக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் கிடைக்கும். ஒட்டும்போது இரண்டு துண்டுக்கும் இடையில் கையேட்டில் சொன்ன இடைவெளிக்கு மேல் விடாதீர்கள், விட்டால் சாத்திய கதவையே திறந்திருக்கிறது என்று சொல்லி உயிரை வாங்கும்.

இப்போது நான் புகழ வந்த விஷயம். தானாகப் பூட்டும் வசதியை ஆன் செய்து, எத்தனை விநாடி கழித்து என்று கொடுத்துவிட வேண்டும். சென்சார் இருப்பதால் கதவு சாத்திய நொடியிலிருந்துதான் கணக்கு ஓடும். சாமான் இறக்கிக்கொண்டிருக்கிறீர்கள், கதவு திறந்தே கிடக்கிறது என்றால் பேசாமல் காத்திருக்கும். சாத்தியதும் கொஞ்ச நேரத்தில் மோட்டார் ஒரு உறுமல் உறுமி நாக்கைத் தள்ளும், அந்தச் சத்தம் வெளியே நிற்பவருக்கும் கேட்கும். அவ்வளவுதான். இதில் என்ன பெரிய மாற்றம் என்றால், "நான் பூட்டினேனா?" என்ற கேள்விக்குள் இருக்கிற அந்த "நான்" கழன்று விழுந்துவிடுகிறது. பூட்டுவது என் வேலையே கிடையாது, கதவைச் சாத்துவதுதான் என் வேலை, சாத்தாமல் யாரும் வீட்டை விட்டுப் போவதில்லை. முதலில் கொஞ்ச நாளைக்குக் கை பழக்கத்தில் சாவியைத் தேடும், வாசலில் நின்று அந்த உறுமலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பீர்கள், பிறகு அதுவும் போய்விடும். எனக்குப் போனது.

ஆனால் இங்கேதான் ஆப் வந்து காரியத்தைக் கெடுக்கிறது. பழைய நாளில் சந்தேகம் வந்தால் வீட்டுக்குத் திரும்பி நடக்க வேண்டும், அந்தச் சிரமத்துக்குப் பயந்தே பாதி சந்தேகத்தை விழுங்கிவிடுவோம், அரை மணி நேரத்தில் அது தானே கரைந்துபோகும். இப்போது பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தால் போதும், சந்தேகத்துக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கிறது. இலவசமாகக் கிடைப்பதால் கேட்டுக்கொண்டே இருப்போம், பல் வலிக்கிற இடத்தை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது போல. டிக்கெட் எடுத்ததும் ஒரு தடவை, இறங்கியதும் ஒரு தடவை, மீட்டிங்கில் யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது மேஜைக்கு அடியில் ஒரு தடவை. அந்த அடுப்பு ஆய்வைத் திரும்ப நினைத்துப் பாருங்கள், அதில் அவர்கள் செய்ததும் திரையில் பார்த்துப் பார்த்துச் சரிபார்த்ததுதான். இந்த ஆப் அந்தச் சோதனையை நம் செலவில் நமக்கே நடத்துகிறது.

அதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. பூட்டுக்குள் இருப்பது ப்ளூடூத், அது வீட்டுக்குள் மட்டும்தான் எட்டும். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமானால் பிரிட்ஜ் என்கிற ஒரு இணைப்புப் பெட்டியைச் சுவர் பிளக்கில் செருகி வைஃபையோடு இணைக்க வேண்டும். கரண்ட் போனாலோ, ரௌட்டர் மக்கர் பண்ணினாலோ ஆப்பில் பூட்டுப் படம் சாம்பல் நிறமாகி "ஆஃப்லைன்" என்று வரும். அந்த நேரத்தில் பூட்டு தன் பேட்டரியில் ஜம்மென்று வேலை செய்துகொண்டுதான் இருக்கும், தகவல் சொல்லும் வழி மட்டும்தான் அடைபட்டிருக்கிறது. மூளைக்கு அது புரியும், வயிறு கேட்காது. ஒன்றும் வாங்காமல் இருந்தபோது இருந்த பயத்தைவிட இது இரண்டு மடங்கு, ஏனென்றால் இப்போது ஒரு மிஷினே "தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டது. சில ஆப்கள் இன்னும் மோசம், தொடர்பு அறுந்ததைச் சொல்லாமல் கடைசியாகத் தெரிந்த நிலையையே காட்டிக்கொண்டிருக்கும்.

எனவே என் செட்டிங் இது. தானாகப் பூட்டுவது ஆன். யார் எப்போது திறந்தார்கள் என்று வரிசையாகக் காட்டும் பட்டியல் இருக்கிறதே, அதன் நோட்டிஃபிகேஷன் அத்தனையும் ஆஃப். கதவு சாத்தாமல் நெடுநேரம் கிடந்தால், அல்லது நாக்கு முழுசாகப் போகாமல் சிக்கிக்கொண்டால் மட்டும் சத்தம் போடச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் சரியாக இருக்கும்போது எனக்கு ஒரு செய்தியும் வேண்டாம். ஆப் ஐகானையும் முதல் பக்கத்திலிருந்து தூக்கிவிட்டு ஒரு ஃபோல்டருக்குள் போட்டாயிற்று. வீட்டுக்கு அருகே வரும்போது போனின் இருப்பிடத்தைப் பார்த்துத் தானே திறந்துகொள்ளும் வசதி ஒன்று உண்டு, அதை நான் ஆன் செய்யவே இல்லை. நாம் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே ஜிபிஎஸ் காட்டும் இடம் கொஞ்சம் அங்கே இங்கே நகரும், பூட்டினேனா என்று கவலைப்படுகிற ஆளுக்குத் தானே திறந்துகொள்ளும் கதவு எதற்கு?

பேட்டரி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பேட்டரி செத்தால் தானாகப் பூட்டுவதும் செத்தது, நீங்கள் பூட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போவீர்கள். பெரும்பாலான பூட்டுகளுக்கு 4 ஏஏ செல். கையேடு அல்கலைன் போடு என்றால் அல்கலைனே போடுங்கள். ரொம்ப நாள் வரும் என்று லித்தியம் செல் போட்டால், அதன் வோல்டேஜ் கடைசி வரை இறங்காமல் நின்று திடீரென்று விழும், பூட்டு எச்சரிக்கை கொடுக்க நேரமே இருக்காது. ரீசார்ஜ் செய்கிற நிக்கல் செல்லுக்கு ஆரம்பமே 1.2 வோல்ட்தான், 1.5 எதிர்பார்க்கிற பூட்டு முதல் நாளிலேயே பேட்டரி குறைவு என்று கத்தும். எச்சரிக்கை வந்த அன்றைக்கே நாலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், பழசும் புதுசும் கலக்காதீர்கள்.

கதவும் ஒழுங்காக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மரக்கதவு ஊதும், கீல் தளர்ந்தால் கதவு இறங்கும், அப்போது நாக்கு நிலையில் இருக்கிற துளைக்கு நேராகப் போகாமல் ஓரத்தில் உரசும். கையால் பூட்டும்போது நாம் கதவைக் கொஞ்சம் தூக்கியோ தோளால் இடித்தோ சரிக்கட்டிவிடுவோம், நமக்கே தெரியாது. மோட்டாருக்குத் தோள் கிடையாது. முக்கி முனகி, நின்று, சிக்கிவிட்டது என்று செய்தி அனுப்பும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். பூட்டு சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பலருக்குக் கதவுதான் சரியில்லாமல் இருக்கும் என்பது என் சந்தேகம். மாட்டுவதற்கு முன் ஒரு விரலால் குமிழைத் திருப்பிப் பாருங்கள், கதவைத் தள்ளாமல் இழுக்காமல் நாக்கு வழுக்கிக்கொண்டு போனால் மட்டும் இந்தப் பூட்டு உங்களுக்கு. இல்லாவிட்டால் முதலில் தச்சரைக் கூப்பிடுங்கள்.

குப்பை கொட்ட வெளியே வந்தவர் வாசலில் மாட்டிக்கொள்வது பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். உண்மைதான், நடக்கும். நம்பர் அடித்துத் திறக்கும் கீபேட் வைத்த மாடலாக வாங்கினால் அந்தப் பிரச்சினை இல்லை, அல்லது நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு சாவி இருக்கட்டும். உள்ளே இருப்பவருக்குக் கவலை வேண்டாம், பழைய குமிழ் போனாலும் மோட்டார் பெட்டியைக் கையால் திருப்பினால் எப்போதும் திறக்கும். உள்பக்கமும் சாவி கேட்கிற பூட்டை மட்டும் வீட்டுக் கதவுக்குப் போடாதீர்கள், தீப்பிடித்தால் சாவி தேட நேரம் இருக்காது. ஹேக் செய்துவிடுவார்களா என்று கேட்பவர்களுக்கு: பாஸ்வேர்டை ஒழுங்காக வையுங்கள், அப்டேட் வந்தால் போடுங்கள், இந்த ரிவ்யூவில் அதற்கு மேல் வேண்டாம்.

இவ்வளவு பணம் போட வேண்டுமா என்றால், கட்டாயம் இல்லை. தொங்குபூட்டு போடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஏற்கெனவே கடையில் தொங்குகிறது, யாரும் கேட்டு வாங்குவதில்லை. பூட்டினால்தான் சாவி வெளியே வரும் வகைத் தொங்குபூட்டு ஒன்று உண்டு. வளையம் திறந்திருக்கும் வரை சாவியை உருவவே முடியாது. பஸ்ஸில் சந்தேகம் வந்தால் பாக்கெட்டைத் தொட்டால் போதும், சாவி இருந்தால் அது பூட்டியாயிற்று. பேட்டரி இல்லை, ஆப் இல்லை, ஆஃப்லைன் இல்லை. நாதாங்கியில் மாட்டாமல் வெறும் பூட்டைப் பூட்டிவிட்டு வந்தேனோ என்று அடுத்த சந்தேகத்தைக் கிளப்புகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்குக் கடைசியில் ஒரு பாரா வைத்திருக்கிறேன். வாங்கும்போது கடையிலேயே திறந்து வைத்துச் சாவியை இழுத்துப் பாருங்கள், பெட்டியைப் பார்த்து நம்பாதீர்கள்.

சாவியின் தலையில் மாட்டுகிற சின்ன உறைகளும் உண்டு, எந்தப் பக்கம் திருப்பினோமோ அதைப் பொறுத்து நிறம் காட்டும். யோசனை நல்லது, ஆனால் அது காட்டுவது சாவி திரும்பிய திசையைத்தான், கதவின் நிலையை அது அறியாது. பூட்டியதும் போனில் போட்டோ எடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், கேலரி முழுக்கக் கதவு. செலவே இல்லாத வழி ஜப்பான் ரயில் ஊழியர்களுடையது. சிக்னலை விரலால் சுட்டிக்காட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். 1994-ல் அங்கே ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் நடத்திய சோதனையில், சுட்டிக்காட்டவும் சொல்லவும் செய்தபோது எளிய வேலைகளில் நேரும் தவறுகள் ஏறக்குறைய 85 சதவீதம் குறைந்தன. கதவைப் பார்த்து விரலை நீட்டி "செவ்வாய்க்கிழமை, பூட்டியாச்சு" என்று சொல்லிப் பாருங்கள். கிழமையைச் சேர்ப்பது என் சரக்கு, நேற்றைய ஞாபகத்தோடு குழம்பாமல் இருக்க. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

சொன்ன அந்தப் பாரா. பூட்டு, அடுப்பு, குழாய் என்று சரிபார்ப்பதிலேயே ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, வேலைக்குப் போக முடியவில்லை, வீட்டில் சண்டை வருகிறது என்றால் பூட்டு ரிவ்யூ படிப்பதை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 கையேடு சொல்லும் அடையாளங்களில் அந்த ஒரு மணி நேரமும் ஒன்று. அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, அதன் மையமே சந்தேகம் வந்தாலும் போய்ப் பார்க்காமல் அந்தப் பதற்றத்தோடு இருந்து பழகுவதுதான். அப்படிப்பட்டவர் கையில் இந்த ஆப்பைக் கொடுப்பது உதவி இல்லை, இன்னொரு சடங்கைக் கொடுப்பது. அக்கறையாக யாருக்காவது வாங்கிப் பரிசளிக்க நினைத்திருந்தால் முதலில் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மதிப்பெண் என்று கேட்டால் தானாகப் பூட்டும் மோட்டாருக்கும் கதவு சென்சாருக்கும் 5-க்கு 5, ஆப்புக்கு 2, அந்த 2 மதிப்பெண்ணும் நாக்கு சிக்கிக்கொண்டால் சொல்கிறதே என்பதற்காக. இப்போது கதவு விஷயம் அடங்கியதும் மனசு அடுத்ததாக அயர்ன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டுவிட்டது. அதற்கும் இதே வழிதான் தேடுகிறேன், போனில் காட்டுகிற ஸ்மார்ட் பிளக் எதுவும் வேண்டாம். அசையாமல் இருந்தால் தானே அணைந்துகொள்ளும் மாடல்கள் இருக்கின்றன, பலவற்றில் படுக்கை வாட்டத்தில் விட்டால் 30 விநாடி, நிமிர்த்தி வைத்தால் 8 நிமிடம். ஒன்றை வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு அதையும் எழுதுகிறேன்.